ஒன்று மூன்று நான்கு இரண்டு

மழை பெய்தால் என் லான்சருக்கு விக்கல்.
உட்லண்ட்ஸ் சிக்னலில் நின்றால்
தோள் குலுக்கும், தும்மும்,
பின்னால் நிற்கும் டாக்சிக்காரர்
ஹார்னில் கை வைக்குமுன் அணைந்துவிடும்.

கோளாறு எங்கே என்று பார்க்க
ஒரு வழி உண்டு.
பானெட்டைத் திறந்து, இன்ஜினை ஓடவிட்டு,
துணி தேய்க்கையில் தெளிக்கும் போத்தலால்
வயர்கள் மேல் தண்ணீர் தூவி
இருட்டில் நிற்க வேண்டும்.

எங்கள் புளோக்கின் கார்நிறுத்தத்தில், நாலாம் மாடியில்,
இருட்டு சுலபமாகக் கிடைக்காது.
ஆள் அசைந்தால் எரியும் விளக்கு.
கொசு கடித்ததையும் பொறுத்துக்கொண்டு
அசையாமல் நின்றேன்.
அணைந்தது.
மூன்றாம் வயரின் இடுப்பிலிருந்து
நீலமாய் ஒரு நூல்
இரும்புக்குத் தாவிற்று, மறைந்தது, தாவிற்று.
போகவேண்டிய இடத்துக்குப் போகாமல்
பாதியிலேயே இறங்கிக்கொள்ளும் மின்சாரம்.
அழகாகத்தான் இருந்தது, சனியன்.

ஜாலான் புசாரில் உதிரிபாகம் விற்கும் மிஸ்டர் கோ
கல்குலேட்டரைத் தட்டுமுன் கேட்டார்:
சிஓஇ எப்போது முடிகிறது?
நாற்பத்தொரு நாள்.
இனிப் புதுப்பிக்க முடியாது.
அதற்கப்புறம் பழைய இரும்பு.
அவர் கல்குலேட்டரை மெல்லக் கீழே வைத்தார்,
நோயாளியின் வீட்டாரிடம் பேசவரும் டாக்டரைப் போல.
நான் சொன்னேன்:
நாற்பத்தொரு நாளும்
நாலு மணிக்குத்தானே எனக்கு வேலை.
செனோக்கோவின் ரொட்டி அடுப்பு
முதல் ரயிலுக்காகக் காத்திருக்காது.

ஒவ்வொன்றாய்க் கழற்று, ஒவ்வொன்றாய் மாட்டு
என்று பெட்டியில் படம் போட்டே காட்டியிருந்தார்கள்.
தூணிலோ வேறொரு பலகை:
இங்கே வாகனம் பழுதுபார்க்கக் கூடாது.
இரண்டில் எதை மீறுவது என்ற யோசனையே இல்லாமல்
இரண்டையும் மீறினேன்.
தொப்பியைத் திருகி, அசைத்து, இழுத்து,
நாலையும் உருவிப்போட்டேன்
கோழிக்கு இறகு பிடுங்கும் வேகத்தில்.
அப்புறம்தான் தெரிந்தது
எது எங்கே இருந்தது என்று தெரியவில்லை.

மழைக்கு ஒதுங்க வந்த ஷுஹைமி
பச்சை டெலிவரிப் பையை முதுகிலிருந்து இறக்காமலே
கைப்பேசி விளக்கைப் பிடித்தான்.
காரைப் பற்றி அவனுக்கு ஒன்றும் தெரியாது,
அதை முதலிலேயே சொல்லிவிட்டான்.
ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று
பள்ளிக்கூட வாய்ப்பாடாய் மாட்டிச்
சாவியைத் திருப்பினேன்.

டமார்.

எதிர் புளோக்கில் மூன்று ஜன்னல் எரிந்தது.
ஒரு குழந்தை அழுதது.
ஷுஹைமி மிக மரியாதையாக
ஓரடி பின்னே போனான்.

பிறகு அவன்தான் டிஷ்யூ பாக்கெட்டைப் பிரித்து
இன்ஜின் ஓரத்து எண்ணெய் அழுக்கைத் துடைத்தான்,
சும்மா, கைக்கு வேலை வேண்டுமே என்று.
அடியில் எழுத்து.
இரும்போடு இரும்பாக வார்த்தது:
1-3-4-2.
இத்தனை வருடம் அங்கேதான் இருந்திருக்கிறது.
இரண்டுக்குக் கடைசி முறை.
எங்கள் வீட்டிலும் அப்படித்தான்,
நாலு பெண்களில் இரண்டாவது நான்,
கடைசியாகத்தான் வண்டி ஏறினேன்.

ஒவ்வொரு தொப்பிக்குள்ளும் பட்டாணியளவு கிரீஸ்.
அழுத்தினால் விரல் நுனியில் ஒரு டிக்.
நாலு டிக்.
சாவி.
இன்ஜின் ஒரே சீராக
ஏதோ முணுமுணுத்துக்கொண்டு ஓடிற்று.

இன்னும் ஒன்று பாக்கி.
போத்தலை எடுத்துத் தூவினேன்.
அசையாதே, என்றேன்.
நின்றோம். ஷுஹைமி மூக்கைச் சொறிந்தான்.
விளக்கு எரிந்தது.
மறுபடி நின்றோம். அவன் பையில் யாருடைய சாப்பாடோ
ஆறிக்கொண்டிருந்தது.
அணைந்தது.

நீலம் இல்லை.
வெறும் இருட்டு, உள்ளே ஓடும் இன்ஜின்,
வெளியே மழை.
இருட்டைப் பார்த்து இப்படிச் சிரித்தது
இதுதான் முதல் தடவை.
சிரித்ததில் தோள் அசைந்து
விளக்கு வந்துவிட்டது.